தழை போட்டவளுக்கு மீன்

ஆயம்மாளைப் பற்றி எழுதப் போகிறேன் என்றதும் என் வீட்டுக்காரர் கேட்டது இதுதான்: "அவளப் பத்தி எழுத இன்னா இருக்குது?" கேட்டவர் சாதாரண ஆள் இல்லை. அவள் பிடித்த குரவை மீனைச் சட்டி வழித்துத் தின்றவர். முள்ளைக்கூடச் சப்பித்தான் போட்டார். வாய் தின்றதை மனசு மறந்துவிடும் வியாதி எங்கள் ஊரில் பாதிப் பேருக்கு உண்டு. அந்த எரிச்சலில்தான் எழுத உட்கார்ந்தேன்.

எங்கள் ஊர் கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் போகிற வழியில், கல்வராயன் மலை கண்ணெதிரே நிற்கிற இடத்தில் இருக்கிறது. மலையில் மழை பெய்தால் மறுநாள் எங்கள் கல்லோடையில் செந்தண்ணீர் வரும். ஊருக்கு ஓர் ஏரியும் உண்டு. ஏரி மீனைப் பஞ்சாயத்தில் வருடா வருடம் ஏலம் விடுவார்கள். எடுப்பவர் எப்போதும் காசிநாதன்தான். கரும்பும் நெல்லுமாகப் பெரிய விவசாயி. கடலூரிலிருந்து நைலான் வலையும் அதை வீசத் தெரிந்த ஆட்களும் கொண்டுவருவார். ஓடையை மட்டும் யாரும் ஏலம் விட்டதில்லை. ஓடைப் பெருமை காரணமில்லை. அடியெல்லாம் கல்லும் வேரும். வலை வீசினால் வலைதான் கிழியும். காசிநாதன் ஒரு தரம் வீசிப் பார்த்துவிட்டு, பொத்தல் விழுந்த வலையைத் தூக்கிக்கொண்டு போனவர் அப்புறம் அந்தப் பக்கமே திரும்பவில்லை. பெரிய மனிதருக்கு ஆகாததெல்லாம் பொதுச்சொத்து. எங்கள் ஊர்ச் சட்டம் அது.

ஆயம்மாள் காலனிக்காரி. அவள் புருஷன் சின்னதுரை கூலி வேலைக்குப் போவார். பஞ்சாயத்துச் சேதி எதுவானாலும் தப்பட்டை அடித்து ஊருக்குச் சொல்கிற வேலையும் அவர் தலையில்தான் இருந்தது. அவர்களுக்கு நிலம் கிடையாது. எங்களுக்கு மானாவாரியில் ஒரு துண்டு இருந்தது. விளைந்தால் கம்பு, விளையாவிட்டால் கருவேல முள். அதனால் நானும் கூலிக்குப் போனேன். காசிநாதன் கழனியில் நானும் அவளும் பக்கத்துப் பக்கத்தில் குனிந்து நாற்று நட்டவர்கள்தான். சேற்றில் நிற்கும்போது என் சாதி எது, அவள் சாதி எது என்று சேறு கேட்டதில்லை. கரையேறிக் கஞ்சி குடிக்கும்போதுதான் அவளுக்குத் தனியாக ஓர் இடம் காட்டுவார்கள். அவளும் போய் உட்காருவாள். உட்கார்ந்தபடியே அங்கிருந்து கத்திப் பேசுவாள். அவள் தொண்டை அப்படி. ஓடையின் இந்தக் கரையில் அவள் தும்மினால் அந்தக் கரையில் ஆடு மிரளும் என்று கேலி செய்வோம்.

மீன் பிடிப்பது அவளுக்குப் பொழுதுபோக்கு இல்லை. நடவும் களையும் இல்லாத மாதங்களில் அவள் வீட்டு அடுப்பு எரிந்தது ஓடையால்தான். மற்றவர்கள் தூண்டில் போட்டு ஒன்றிரண்டு கெண்டைக்காக நாளெல்லாம் குந்தியிருப்பார்கள். மூங்கில் பறி வைத்திருப்பவர்கள் பறியைத் தண்ணீர் பாய்கிற இடுக்கில் வைத்துவிட்டுக் காத்திருப்பார்கள். வாங்கவோ முடையவோ வசதியிருந்தால் பறி நல்லதுதான். ஆயம்மாளுக்கு அதற்கும் வழியில்லை. அவள் செய்தது வேறு. தண்ணீர் சுழன்று நிற்கிற மடுவாகப் பார்ப்பாள். நொச்சி, பூவரசு, கருவேல முள் என்று ஓடைக்கரையில் கிடைக்கிற தழையை வெட்டி, பனைநாரில் கட்டுக் கட்டாகக் கட்டி, கல்லை வைத்து அமிழ்த்துவாள். மேலே தவிட்டைச் சாணியில் பிசைந்து உருண்டையாகப் போடுவாள். பிறகு ஒரு வாரம், பத்து நாள் அந்தப் பக்கமே போகமாட்டாள். வெயிலுக்கும் கொக்குக்கும் பயந்த மீனெல்லாம் அந்த இருட்டுக்குள் வந்து குடியேறும்.

அப்புறம் சேலை. ஊரில் கிழிந்த நூல் சேலைகளைக் கேட்டு வாங்கி, நீளமாகச் சேர்த்துத் தைத்து, கீழ்த் தலைப்பில் கூழாங்கல் முடிந்து வைத்திருந்தாள். அந்தச் சேலையால் தழையைச் சுற்றி வளைத்து, உள்ளே ஒருத்தி இறங்கித் தழையை ஒவ்வொன்றாக எடுத்துக் கரையில் எறிய வேண்டும். வட்டத்தைச் சுருக்கிக்கொண்டே வந்து, கடைசியில் கூடையால் அள்ள வேண்டும். ஒருமுறை நான் என்னுடைய பழைய நைலக்ஸ் சேலையைக் கொடுத்தேன். "இது தண்ணில மெதக்கும் கமலாம்மா, மீன் அடில பூந்து ஓடிப்பூடும். கட்டிக்க மட்டுந்தான் ஆவும்" என்று திருப்பிக் கொடுத்துவிட்டாள். எனக்குச் சுருக்கென்று இருந்தது. ஆனால் அடுத்த தடவை பிடித்த மீனில் எனக்கும் ஒரு கூறு வந்தது.

தழை போடுகிறவர்களுக்குள் ஒரு முறை இருந்தது. யார் தழை போட்டார்களோ அவர்களுக்குத்தான் அதில் அண்டுகிற மீன். போட்டவர் தன் துணியில் ஒரு துண்டு கிழித்து மேல் கொப்பில் கட்டிவிட்டுப் போவார். துணி கட்டிய தழையில் அடுத்தவர் கைவைக்கக் கூடாது. வெள்ளத்தில் அடித்து வந்ததோ காற்றில் விழுந்ததோ, ஆள் போடாத தழை என்றால் முதலில் துணி கட்டியவருக்கு. காவல் கிடையாது, கேஸ் கிடையாது. பசித்த வயிற்றோடு அந்தத் துணித் துண்டைப் பார்த்துவிட்டு ஒதுங்கிப் போனவர்களை நான் பார்த்திருக்கிறேன். கழனி வரப்பை ராத்திரியோடு ராத்திரியாக ஒரு சாண் நகர்த்தி வைக்கிற பெரிய குடும்பங்கள் இருந்த அதே ஊரில்தான் இதுவும் நடந்தது.

எண்பத்தேழாம் வருடம் புரட்டாசி பிறந்தபோது மறியல் வந்தது. எங்கள் சாதிக்குப் படிப்பிலும் வேலையிலும் தனிப் பங்கு வேண்டும் என்று ஒரு வாரம் சாலையை மறித்தார்கள். கேட்டது நியாயம். அதை இப்போதும் சொல்வேன். என் தம்பி இளவரசன் பள்ளிக்கூடம் முடித்துவிட்டு வருடக்கணக்கில் எம்ப்ளாய்மெண்ட் ஆபீஸ் வாசலில் தேய்ந்தவன். பின்னால் ஒதுக்கீடு வந்தது. அவன் மகள் தேவிப்ரியா அதில்தான் படித்து டீச்சரானாள். நான் அதற்கு எதிரி இல்லை. என் ஆத்திரம் வேறு.

எங்கள் ஊர் மறியலுக்குத் தலைமை காசிநாதன். ஓடைப் பாலத்தருகே சாலையோரம் நின்ற பெரிய தூங்குமூஞ்சி மரத்தை வெட்டிச் சாய்த்தார்கள். கோடரி பிடித்தது என் தம்பி. இரண்டு நாள் அவன் உள்ளங்கைக் கொப்புளத்துக்கு நான்தான் விளக்கெண்ணெய் தடவினேன். மரத்தின் அடி சாலையை மறித்தது. தலை மட்டும், அந்தப் பெரிய பச்சைத் தலை முழுவதும், பாலத்தடி மடுவில் போய் விழுந்தது. பஸ் நின்றது, லாரி நின்றது, கடலூர் மீன் நின்றது. ரேஷன் கடைக்கு அரிசி வரவில்லை. அங்கங்கே குடிசைகள் எரிகின்றன என்று சேதி வந்ததும் காலனியில் ஆண்கள் வெளியே தலைகாட்டவே பயந்தார்கள். அவர்களை யாரும் வேலைக்கும் கூப்பிடவில்லை.

ஆயம்மாளுக்கு அந்த வாரம் எல்லாருக்கும் மேலான கஷ்டம். தலைப்பிரசவத்துக்கு வந்திருந்த அவள் மகள் ஜீவாவுக்கு மறியலுக்கு முந்தின வாரம்தான் குழந்தை பிறந்திருந்தது. பெண்ணுக்கு உடம்பில் ரத்தமே இல்லை. பால் ஊறவில்லை. நல்ல சாப்பாடு கொடுங்கள் என்று நர்சு சொல்லிவிட்டுப் போனதோடு சரி, அப்புறம் சாலை அடைத்துவிட்டது. நல்ல சாப்பாட்டுக்கு எங்கே போவது? பானையில் இருந்த கடைசிக் கேழ்வரகைக் கூழாக்கி மகளுக்கு ஊற்றிவிட்டு, ஆயம்மாளும் சின்னதுரையும் வெறும் நீராகாரத்தில் கிடந்தார்கள். குழந்தை அழுத அழுகை ஓடை வரைக்கும் கேட்டது.

மரம் விழுந்த மறுநாள் காலை நான் துணி துவைக்கப் போனபோது ஆயம்மாள் மடுவில் இடுப்பளவுத் தண்ணீரில் நின்றிருந்தாள். தன் சிவப்புச் சேலைத் தலைப்பில் ஒரு துண்டு கிழித்துத் தூங்குமூஞ்சிக் கொப்பில் கட்டிக்கொண்டிருந்தாள்.

"இன்னாடி பண்றே?" என்றேன்.

"பாத்தியா கமலாம்மா, எம்மாம் பெரிய தழை! நான் பத்து வருஷம் வெட்டிப் போட்டாலும் இப்படி அமையுமா? ஒரு வாரம் கெடந்துச்சுன்னா ஓடை மீனு மொத்தமும் இங்கதான்."

"அவங்க வெட்டுன மரமாச்சே. நாளைக்கு வந்து கேட்டா?"

"கேட்டா குடுத்துடறேன். மொறைன்னா மொறைதான். ஆனா அவங்க ரோட்ட மறிக்கத்தான வெட்டுனாங்க. தண்ணில கெடக்கறத எவன் எட்டிப் பாத்தான்?"

சொன்னபடியே அந்த வாரம் முழுவதும் அவள் மடுவைக் கலக்கவில்லை. எங்கள் வீட்டுத் தவிட்டில் ஒரு படி நான் கொடுத்தேன். அதை உருட்டிப் போட்டதோடு சரி. பாலத்தின் மேல் எங்கள் ஆட்கள் சோறாக்கித் தின்றுகொண்டு, "எங்கள் பங்கு எங்களுக்கு" என்று கோஷம் போட்டுக்கொண்டிருந்தார்கள். கீழே அந்தச் சிவப்புத் துண்டு தண்ணீரில் ஆடிக்கொண்டிருந்தது. காசிநாதன் அதை ஒரு நாள் பார்த்துவிட்டு, "பாருடா, ஆயம்மா துணி கட்டி மீன் வளக்கறா" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். என் தம்பியும் சிரித்தான். பசிக்கிறவள் செய்கிற எதுவும் பசிக்காதவனுக்குச் சிரிப்புத்தான்.

மறியல் முடிந்த மறுநாள் காலையிலேயே போலீஸ் ஜீப் வந்தது. பின்னாலேயே ரம்பமும் வடக்கயிறுமாக ஒரு லாரி ஆட்கள். பாலத்தின் மேல் நாற்காலி போட்டு உட்கார்ந்த இன்ஸ்பெக்டர், மரத்தை வெட்டியது யார் என்று ஒவ்வொருவராக நிறுத்திக் கேட்டார். ஊரே ஒரே வாயாக, "காத்துல வுழுந்துச்சுங்க" என்றது. காற்றே அடிக்காத வாரம் அது. காசிநாதனும் கையைக் கட்டிக்கொண்டு அதையே சொன்னார். என் தம்பி கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு நின்றான். கொப்புளம் இன்னும் ஆறவில்லை.

லாரி ஆட்கள் சாலை மேல் கிடந்த அடிமரத்தை அறுக்க ஆரம்பித்தார்கள். அது முடிந்தால் தலையைக் கயிறு கட்டி இழுத்துவிடுவார்கள். இழுத்தால் மீன் மொத்தமும் சிதறிப் போய்விடும். ஆயம்மாள் சேலைச் சுருணையைத் தலையில் வைத்துக்கொண்டு ஓடி வந்தாள். பின்னால் சின்னதுரையும் காலனிப் பெண்கள் இரண்டு பேரும். பாலத்தைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு, "அய்யா, தண்ணில மீன் கீதுங்க. நாங்க சுத்திக்கறோம். அதுக்கப்பறம் இஸ்துக்கோங்க" என்று கத்தினாள். அறுக்கிற வேலைக்கு எப்படியும் நேரமாகும் என்று இன்ஸ்பெக்டருக்குத் தெரியும். கையை ஆட்டி, சரி என்றார்.

அவ்வளவு பெரிய தழையை வளைக்க நாலு பேர் போதவில்லை. சேலையின் ஒரு பக்கம் கையில்லாமல் தண்ணீரில் இழுபட்டுக்கொண்டிருந்தது. நான் கரையில் நின்றிருந்தேன். எங்கள் தெருப் பெண்களும் வேடிக்கை பார்க்க வந்திருந்தார்கள். ஜீவாவின் குழந்தை அழுகிற சத்தம் அப்போதும் காதில் விழுந்தது. சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கிவிட்டேன். "கமலா, உனக்கு இன்னா பைத்தியமா?" என்று கரையிலிருந்து யாரோ கேட்டார்கள். திரும்பிப் பார்க்கவில்லை. பைத்தியம் யாருக்கு என்று கேட்டுச் சண்டை போட அப்போது நேரமில்லை.

சின்னதுரை கொடுவாளோடு உள்ளே இறங்கிக் கொப்புகளைக் கழித்துக் கழித்துக் கரையில் எறிந்தார். தழை குறையக் குறையத் தண்ணீர் கொதிக்கிற உலை மாதிரி ஆகிவிட்டது. மீன்கள் என் காலில் மோதி மோதித் திரும்பின. வட்டத்தைச் சுருக்கினோம். ஆயம்மாள் கூடையைத் தண்ணீரில் விட்டுத் தூக்கியபோது பாலத்தின் மேல் ரம்பச் சத்தமே நின்றுவிட்டது. தொடை கனத்தில் விரால், குரவை, கெளுத்தி, கெண்டை, ஜிலேபி. மறுபடி அள்ளினாள், மறுபடி. ஒரு கெளுத்தி அவள் கையைக் குத்திவிட்டது. ரத்தத்தைத் தண்ணீரில் அலசிவிட்டு மறுபடியும் அள்ளினாள். கரையில் இருந்த அண்டா நிறைந்தது. அவள் வாழ்நாளில் அந்த ஓடையில் அவ்வளவு மீனை ஒன்றாகப் பார்த்ததில்லை. நானும் பார்த்ததில்லை.

அப்போதுதான் காசிநாதன் பாலத்திலிருந்து இறங்கி வந்தார். வெள்ளைச் சட்டை, நெற்றியில் நாமம். புரட்டாசி முழுக்க அவர் வீட்டில் கவுச்சி கிடையாது. தின்னாத மீனுக்கு எதற்கு இந்த ஆள் இறங்கி வருகிறார் என்று நினைத்தேன். ஆயம்மாள் பக்கத்தில் வந்து குனிந்து, பாலத்தில் இருப்பவர்களுக்குக் கேட்காத குரலில் சொன்னார்.

"ஆயம்மா, தழை போட்டவனுக்குத்தான் மீனு. அது உங்க மொறைதான? தழை எங்க ஆளுங்க வெட்டிப் போட்டது. அண்டாவ நம்ம வண்டில ஏத்தச் சொல்லு. ஒரு வேளைக் கொழம்புக்கு எடுத்துக்கினு மீதிய வுடு."

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. ஒரு வாரம் முழுக்கத் தொண்டை கிழியப் பங்கு கேட்டவர். யாருக்கோ போய்ச் சேர்ந்துவிட்ட பங்கில் தனக்கு நியாயம் வேண்டும் என்றவர். இவர் வீட்டுக் குதிரில் நெல் இருந்தது. ஆயம்மாள் வீட்டுப் பானையில் காற்று இருந்தது. அவளுடைய ஏழை வழக்கத்தை, அவளுக்கென்று இந்த உலகத்தில் இருந்த ஒரே சட்டத்தை, எடுத்து அவள் மேலேயே வீசினார். வாயைத் திறந்தேன். அதற்குள் ஆயம்மாள் நிமிர்ந்துவிட்டாள்.

அவளுக்குத்தான் ரகசியம் பேச வராதே. ஓடை முழுக்கக் கேட்கிற அவள் வழக்கமான குரலில் சொன்னாள்.

"ஆமாங்க. மொறைய நான் மீற மாட்டேன். மரத்த வெட்டிப் போட்டது நாங்கதான்னு ஒரு வார்த்த சொல்லுங்க, அண்டாவோட தூக்கிக் குடுத்துடறேன். அப்பறம் நான் ஒன்ன தொட்டா என்ன கேளுங்க."

பாலத்தின் மேல் நாற்காலி நகர்கிற சத்தம் கேட்டது. இன்ஸ்பெக்டர் எழுந்து கைப்பிடிச் சுவரோரம் வந்து குனிந்து பார்த்தார். "இன்னா சொல்றா? மரத்த வெட்டுனது யாராம்?"

காசிநாதன் வாய் தவறினால் கோடரி பிடித்த கை என் தம்பியுடையது. மேலே பார்த்தேன். இளவரசன் முகம் வெளுத்துப் போய்க் கல்வராயன் மலையைப் பார்த்துக்கொண்டிருந்தான், அங்கேதான் ஏதோ நடக்கிற மாதிரி.

ஆயம்மாள் தந்திரம் செய்தாள் என்று பின்னால் ஊரில் பேசினார்கள். பொய். அவள் முகத்தை ஒரு கை தூரத்தில் பார்த்தவள் நான். காசிநாதன் ஆமாம் என்று சொல்லியிருந்தால் அவள் கொடுத்திருப்பாள். மகள் பட்டினி கிடக்க, குழந்தை அழ, அண்டாவைத் தூக்கிக் கொடுத்துவிட்டு வெறும் கூடையோடு வீட்டுக்குப் போயிருப்பாள். அவர் பதிலுக்குக் காத்துக்கொண்டிருந்தாள். ஊருக்கு அது வேடிக்கை. அவளுக்கு அது உயிர்.

காசிநாதன் தொண்டையைச் செருமினார். "நாங்க எங்கங்க வெட்டினோம்? காத்துல வுழுந்த மரங்க அது."

"அப்படின்னா?" என்றாள் ஆயம்மாள்.

"அப்படின்னா இன்னா?"

"காத்துல வுழுந்த தழைன்னா மொதல்ல துணி கட்டுனவங்களுக்கு. சொல்லுங்க. மீனு யாருதுங்க?"

அவர் கரையைப் பார்த்தார். எங்கள் தெரு முழுக்க நின்றிருந்தது. பாலத்தைப் பார்த்தார். இன்ஸ்பெக்டர் இன்னும் குனிந்துதான் இருந்தார்.

"உன்னுதுதான். எடுத்துக்கினு போ" என்றார்.

அண்டாவைச் சின்னதுரையும் ஆயம்மாளும் ஆளுக்கொரு பக்கமாகத் தூக்கிக்கொண்டு கரையேறினார்கள். இன்ஸ்பெக்டருக்கு இரண்டு விரால் போனது. அது கேட்காமலே போகிற பங்கு. சேலை பிடித்த எங்களுக்கெல்லாம் ஆளுக்கொரு கூறு வைத்தாள். அன்று ஜீவாவுக்குக் குரவைச் சாறு கொடுத்தார்கள். விராலைக் கருவாடு போட்டு, மலையிலிருந்து இறங்கி வருகிறவர்களிடம் சாமைக்கும் கேழ்வரகுக்கும் மாற்றினாள். ஜீவாவுக்குக் கொஞ்சம் கொஞ்சமாகப் பால் ஊறியது. அந்தப் பேத்திதான் எழில்மதி. இப்போது அவளுக்கே பிள்ளைகள் இருக்கிறார்கள்.

இதோடு நிறுத்தினால் நல்ல கதை. நடந்ததை எழுத உட்கார்ந்தவளுக்கு அந்த வசதி இல்லை.

ஐப்பசியில் பஞ்சாயத்துக் கூடியது. ஓடைத் தண்ணீர்தானே ஏரிக்கு வருகிறது, ஓடையும் ஏரியைச் சேர்ந்ததுதான், அதனால் ஏரி மீன் குத்தகையில் ஓடை மீனும் சேர்ந்தது என்றார் காசிநாதன். பதினைந்து பேர் உட்கார்ந்திருந்த இடத்தில் ஒருவர்கூட வாயைத் திறக்கவில்லை. வலை கிழிகிற ஓடையை இந்த மனிதர் வைத்துக்கொண்டு என்ன செய்வார் என்றுகூட யாரும் கேட்கவில்லை. அவருக்கு மீன் வேண்டாம். ஒரு காலனிக்காரி ஊர் முன்னால் தன் வாயாலேயே "உன்னுதுதான்" என்று சொல்ல வைத்ததை அவரால் செரிக்க முடியவில்லை. அவ்வளவுதான். இனிமேல் யாராவது ஓடையில் தழை போட்டால் அபராதம் என்று முடிவானது.

வீட்டுக்கு வந்த தம்பியைப் பிடித்துக்கொண்டேன். "நீயும் அங்கதான குந்திக்கினு இருந்தே? வாய தொறந்து ஒரு வார்த்த பேசினா இன்னா? அன்னிக்கு அவ உன் பேர சொல்லியிருந்தா நீ இப்போ ஜெயில்ல இருப்ப."

"தெரியும்க்கா" என்றான். "இருந்தாலும் அவரு நம்ம ஆளுக்கா."

நம்ம ஆள். இந்த இரண்டு வார்த்தைக்குள் எத்தனை அயோக்கியத்தனத்துக்கு இடம் இருக்கிறது என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. என்னோடு சேற்றில் நின்று நாற்று நட்டவள் யார் ஆள்? என் கம்மங்கூழுக்குக் கெண்டை கொடுத்தவள் யார் ஆள்? கேட்டேன். அன்று இரவு அவனுக்கு நான் சோறு போடவில்லை. அவனே போட்டுத் தின்றான்.

மறுநாள் காலை தண்டோரா. ஊரில் தண்டோரா போடுகிறவர் யார்? சின்னதுரைதான். வேறு ஆள் அனுப்பக்கூடாதா என்று அவர் கேட்டாராம். ஊர் வேலையை விட்டால் ஊரில் வேலையே கிடையாது என்று பதில் வந்ததாம். தெருத் தெருவாகப் போனார். எங்கள் வாசலுக்கு வந்தபோது நான் வெளியே வரவில்லை, கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டேன். அவர் முகத்தைப் பார்க்கிற தைரியம் எனக்கு இல்லை. தெரு முடிந்ததும், ஓடைக்கரையிலும் ஒரு தரம் சொல்லிவிட்டு வா என்று காசிநாதன் அனுப்பினார். மனிதர் எதையும் அரைகுறையாகச் செய்யமாட்டார்.

பொறுக்க முடியாமல் நான் பின்னாலேயே போனேன். ஓடையில் ஆயம்மாள் தொடையளவுத் தண்ணீரில் நின்று, நொச்சிக் கட்டின்மேல் கல்லை ஏற்றிக்கொண்டிருந்தாள். சின்னதுரை கரையில் நின்றார். தப்பட்டையைத் தட்டினார். மறுபடியும் தட்டினார்.

அவள் நிமிராமலே, "சொல்லு" என்றாள்.

"இதனால சகலமானவங்களுக்கும் தெரிவிக்கறது இன்னான்னா..." என்று தொடங்கினார். ஓடை குத்தகையில் சேர்ந்தது, தழை போடக்கூடாது, மீறினால் அபராதம். முழுவதையும் சொல்லி முடித்தார். கேட்பதற்கு அங்கே அவர் பெண்டாட்டியையும் என்னையும் தவிர யாரும் இல்லை.

ஆயம்மாள் நிமிர்ந்தாள். கையில் இருந்த சேற்றைத் தண்ணீரில் அலசினாள்.

"கேட்டுச்சு" என்றாள். "ஊர் வேல முடிஞ்சுதில்ல? அந்த முள்ளுக் கட்ட எடுத்துக்கினு வா. எனக்கு ஒண்டியா அமுத்த முடியல."

சின்னதுரை என்னை ஒரு தரம் பார்த்தார். தப்பட்டையைக் கழற்றிக் கரைப் புல்லில் வைத்தார். முள் கட்டைத் தோளில் தூக்கிக்கொண்டு தண்ணீரில் இறங்கினார்.